எட்டாம் ஆண்டின் ஓசை

கேட்பு மன்றத்தில் எழுபத்தைந்து பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டபோதே, ஜெயித்துவிட்டோம் என்று மரகதவல்லிக்குத் தெரிந்துவிட்டது. கோவைக்கு வடக்கே, பூவரசு நகர் பத்தாம் குறுக்குத் தெருவில் ஒரு சாசனப் பள்ளி வரவிருந்தது. இடம் அரசினுடையது, நடத்துவது பெற்றோர்கள். அதைத் தடுக்க இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் ராமசாமிக்குப் பகலில்தான் கொஞ்சம் கண் அசரும்.

ஒரு தெருவில் புதிதாக எது வருவதானாலும் அங்கிருப்பவர்கள் முதலில் முன்கேட்பான் என்னும் கருவியைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். குடியிருப்போரின் வயது, உடல்நிலை, வேலை, பிள்ளைகள் இருக்கும் ஊர் எல்லாவற்றையும் வைத்து, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தத் தெரு எப்படி ஒலிக்கும் என்பதை அது கால் மணி நேரத்தில் ஒலித்துக்காட்டும்.

பள்ளி வந்தால் மணியோசை, வேன்களின் ஹாரன், பிள்ளைகளின் கூச்சல். பலர் முகம் சுளித்தார்கள். வராவிட்டால் முதலில் வழக்கமான சத்தங்கள், போகப்போக மைனாக்கள், பிறகு வெறும் காற்று. சிலர் கண்மூடிச் சிரித்தார்கள். அறுபத்தொரு பேர் பள்ளி வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்ட டீயைக் குடிக்க மறந்தாள். மறுநாள் காலை மன்றத்துக்குப் போய், கருவியை இயக்கும் நிறைமதியிடம் அந்த அமைதியை மட்டும் மறுபடி கேட்க வேண்டும் என்றாள். சத்தமெல்லாம் அடங்கிப்போகும் எட்டாம் ஆண்டை மெதுவாக ஓட்டச் சொன்னாள். குக்கர் விசில் இல்லை. வாசல் பெருக்கும் சத்தம் இல்லை. ராமசாமியின் இருமல் இல்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான். அவள் குரலும் இல்லை.

“நான் எங்க கண்ணு போயிட்டேன்?”

“அது இதுக்குத் தெரியாதுங்கம்மா. வீட்டுல ஆள் இல்லைங்கறது மட்டுந்தான் தெரியும். புதுசா யாரும் குடிவரலைங்க. ஒவ்வொரு வீடா பூட்டிருச்சு.”

“பள்ளிக்கூடம் வந்திருந்தா?”

நிறைமதி பள்ளியோடு கணித்த எட்டாம் ஆண்டை ஓட்டிப் பார்த்தாள். “இருந்திருப்பீங்கம்மா.”

மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் மறுகேட்பு உண்டு. அன்று மதியமே மரகதவல்லி தாளோடு கிளம்பினாள். பள்ளிக்கு எதிராக முதல் கையெழுத்துப் போட்டவர் ஓய்வுபெற்ற பொறியாளர் தேவசகாயம். முதலில் அவர் வீட்டுக்கே போனாள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

தன் வீட்டுச் சத்தம் ஏழாம் வருஷத்தோடு நின்றுபோனதை அவரும் கவனித்திருந்தார்.

“மக வீட்டுக்குக் கனடா போயிட்டேன்னு அர்த்தமுங்க. அவ கூப்பிடுவாளான்னே தெரியாம இருந்தேன். எப்படியும் போறதுதான், ஏழு வருசம் எதுக்குங்க காத்திருக்கோணும்?”

கருவி கனடாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் மகளின் கல்யாணப் படத்தைச் செய்தித்தாளில் பொதிந்துகொண்டிருந்தார். அவள் தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதை, அதே அட்டைப்பெட்டிகள். ஒருவர் அந்த அமைதியில் பெங்களூரிலிருக்கும் மகனைக் கேட்டிருந்தார், இன்னொருவர் ஏற்காட்டில் ஒரு வீட்டை. அதில் தன் சாவைக் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

இருபத்தைந்து கையெழுத்து வேண்டியிருந்தது. அவளையும் சேர்த்துப் பதினொன்றுதான் தேறியது. கருவி எட்டு ஆண்டு என்று கணித்த அமைதி, பத்தாம் குறுக்குத் தெருவுக்குப் பதினான்கே மாதத்தில் வந்து சேர்ந்தது.