சூளை நின்ற பிறகும் தூசி

காப்பித் தம்ளரில் தூசி மிதந்தது. முருகையன் விரலை விட்டு வழித்துப் பார்த்தான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி குனிந்தால் காப்பியின் மேல் அதே மெல்லிய வெள்ளைப் படலம்.

தூசி அவனுக்குப் புதிதில்லை. அரியலூர் ரோட்டில் அந்த சிமென்ட் ஆலை வந்த பிறகு ஊரில் வேப்பிலையைப் பச்சையாகப் பார்த்தவர் யாருமில்லை. கருப்பு ஆடு வாங்கி வந்தால் ஒரே வாரத்தில் சாம்பல் ஆடாகிவிடும். ஆனால் நேற்று இரவோடு சூளையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே செங்கல் மாற்றப் பத்து நாள் ஆகுமாம். விடிகாலையில் ஒரு மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. பிறகு தூசி எங்கிருந்து வரும்?

"ஏ புள்ள, சூளைய நிறுத்தலையா?"

"நிறுத்திட்டாங்களே. சத்தமே இல்லாம காது அடைச்சாப்ல இருக்கு" என்றாள் மனைவி சிந்தாமணி.

"பின்ன இந்தத் தூசி?"

அவள் தம்ளரை எட்டிப் பார்த்தாள். "தூசியா? எங்க? ராவெல்லாம் தலவலின்னு பொரண்டீங்கள்ல, பித்தந்தான். குடிச்சிட்டுக் கெளம்புங்க."

முருகையனுக்கு மரத்துக்கு பாலிஷ் போடும் வேலை. சுண்ணாம்புக்கல் கான்ட்ராக்டர் இராமலிங்கம் கட்டிய புது வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். அதற்குள் தேக்குக் கதவு, அலமாரி, கட்டில் எல்லாம் முகம் தெரிகிற மாதிரி மின்ன வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஈர பாலிஷில் சிமென்ட் தூசி விழுந்தால் போச்சு, திரும்ப மரம் தெரியுமட்டும் சுரண்ட வேண்டும். அதனால் அந்தப் பக்கத்து பாலிஷ்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். சன்னல்களைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் ஈரச் சாக்கைத் திணித்து, கதவையும் அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். திங்கட்கிழமை அவன் மட்டும். நேற்று வேலை பின்தங்கிவிட்டதென்று சிந்தாமணியையும் கூட்டிப் போனான். உப்புத்தாள் தேய்க்க வந்தவள், மதியத்துக்கு மேல் அவனைப் போலவே பஞ்சு மூட்டையை ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் முக்கி, வெறுங்கையால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தாள்.

ஸ்பிரிட்தான் இந்தத் தடவை வேறு. அரியலூரில் சரக்கு இல்லாததால் பெரம்பலூரில் ஒரு கடையில் டின்னோடு வாங்கியிருந்தான். வழக்கமான ஸ்பிரிட் லேசான ஊதாவாக இருக்கும், நெடி ஆளைத் தூக்கும். இது பச்சைத் தண்ணீராகத் தெளிந்திருந்தது. வாசனையும் சாது, கொஞ்சம் இனிப்பு. அரக்கு மளமளவென்று கரைந்தது, போட்டதும் காய்ந்தது. அவனுக்கு ஒரே குஷி.

நேற்று மத்தியானம் காப்பிக்கு ஸ்டவ் பற்றவைக்க அந்த ஸ்பிரிட்டில் ஒரு மூடி ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தான். முற்றத்து வெயிலில் தீயே தெரியவில்லை. அணைந்துவிட்டதென்று கையை நீட்டினான். சுரீரென்று சுட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. சிந்தாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலம் வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் கால் தள்ளாடியது. "குடிக்காமயே ஏறுது பாருங்க" என்று அதற்கும் சிரித்தாள்.

இன்று கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் நின்றபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஏனோ அவனுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தால் தலைவாசல் கதவின் உட்புறம் வெளுத்திருந்தது. மழை ஈரத்தில் பாலிஷ் பூத்துவிட்டதோ என்று துணியால் துடைத்தான். போகவில்லை. பஞ்சை நனைத்துத் தேய்த்தான், தோள் கடுக்கக் கடுக்கத் தேய்த்தான், மூடிய அறையின் புழுக்கத்தில் இனிப்பு வாசனை நெஞ்சுக்குள் இறங்க இறங்கத் தேய்த்தான். வெளுப்பு குறையவில்லை. சுவரிலும் அதே வெளுப்பு. அவன் கையிலும். சும்மா நிற்கவே மூச்சு இரைத்தது.

பின்வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. இராமலிங்கம்.

"அடேங்கப்பா! கண்ணாடி தோத்துச்சு போ, முருகையா. மீச நரச்சதுகூடத் தெரியுதே!"

முருகையன் கதவருகே போய் நின்றான். மூக்கு மரத்தில் இடித்தது. அவன் முகம் அங்கே இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்தானோ அவனுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு நடராசன் ஆலையில் லேப் வேலை பார்ப்பவன், சூளை நின்றதால் சீக்கிரம் திரும்பியிருந்தான். முருகையன் சொன்னதைக் கேட்டு, மூலையில் மீதி ஸ்பிரிட்டோடு இருந்த டின்னைத் திறந்து முகர்ந்தான். பிறகு மெதுவாக மூடினான்.

"மெத்தனால்ணே இது."

"நான் குடிக்கலையே தம்பி."

"குடிக்கணும்னே இல்ல. மூச்சுல போவும், தோல்ல போவும். உள்ள போயிதான் வெசமா மாறும். இன்னிக்கிப் பட்டா நாளைக்கித்தான் தெரியும். கண்ணத்தான் மொதல்ல புடிக்கும். கதவச் சாத்திக்கிட்டா போட்டீங்க?"

முருகையன் தலையாட்டினான்.

"உள்ள வேற யாரு இருந்தா?"

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்று சிந்தாமணி முந்திக்கொண்டாள். "இவரக் காப்பாத்தணும். மொதல்ல டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"ரெண்டு பேரும் போங்கக்கா. இப்பவே போனா கண்ணக் காப்பாத்திடலாம். நான் ஓடிப்போயி ஆலை ஜீப்பக் கேக்கறேன். மண்ணு பாதை ஒரே சேறு, ஊருக்குள்ள வண்டி வராது. நீங்க மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க."

மெயின் ரோட்டுக்கு ஊரே நடக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. கல் வெட்டியெடுத்த இரண்டு பழைய குழிகளுக்கு நடுவே விட்டுவைத்த வரப்பு. ஓராள் அகலம். இரண்டு பக்கமும் பனைமர ஆழம், அடியில் தண்ணீர். பழகிய கால்கள் பேசிக்கொண்டே நடந்துவிடும்.

சிந்தாமணி முன்னே போனாள். அவள் தோளில் கை வைத்து அவன் பின்னே போனான். உச்சி வெயில் பிடரியில் சுட்டது. ஆனால் கண் முன்னே வெயில் இல்லை, வானமில்லை, அவளும் இல்லை. வெள்ளை. அவள் புடவையிலிருந்து அந்த இனிப்பு வாசனை வந்தது. நேற்றைய புடவை. தோள் மட்டும் நிஜம். இந்தத் தோள் இருக்கும்வரை பயமில்லை, ஜீப்பிலும் ஆஸ்பத்திரியிலும் இனி எங்கேயும் இதுதான் கண் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டியது.

சூளைச் சத்தமில்லாத ஊர் வெறிச்சென்றிருந்தது. அதனால்தான் அவள் மூச்சு அவனுக்குக் கேட்டது. வேகமான மூச்சு. காலையில் அவனுக்கு இரைத்த அதே மாதிரி.

"மூச்சு வாங்குதா புள்ள?"

"வெயிலு. தலையும் லேசா வலிக்குது. நடங்க."

அவள் நடை குறைந்தது. ஒரு கல் அவள் காலில் தட்டுப்பட்டு உருண்டது. சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துக் கீழே தண்ணீரில் விழுந்தது.

அவள் நின்றாள்.

"ஏங்க."

"என்ன?"

"சூளைய மறுபடி ஓட்டிட்டாங்க போலருக்கு. பாதயெல்லாம் ஒரே தூசி. செத்த நில்லுங்க, அடங்கட்டும்."

அவன் காதைத் தீட்டிக் கேட்டான். சூளை ஓடவில்லை. காற்றுகூட இல்லை.

தோளை இறுகப் பிடித்தான். எந்தப் பக்கம் குழி? இரண்டு பக்கமும். வந்த வழி எது? திரும்பினால் கால் எங்கே படும்?

தூரத்தில் ஜீப் ஹாரன். நடராசனின் குரல். "அங்கயே ஏன் நிக்கிறீங்க? வாங்கக்கா, வாங்க!"

குரல் குழிச் சுவர்களில் மோதியது. வலப்பக்கமிருந்து வாங்க. இடப்பக்கமிருந்து வாங்க. கீழேயிருந்தும் வாங்க.

"புள்ள, நவுராத. உக்காரு. அப்பிடியே உக்காந்துடு" என்றான். சொன்னானா? உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வந்ததாக அவனுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சிடுச்சுங்க." சிந்தாமணியின் குரலில் நிம்மதி. "அதோ, வெள்ளையாத் தெரியுது பாருங்க. அதான் ரோடு. வாங்க."

அவன் கைக்கு அடியில் தோள் முன்னே நகர்ந்தது.