பதில் தட்டல்

மில் நின்ற பிறகும் தட்டல் நிற்கவில்லை.

தசரதனுக்கு முதலில் அது உறைக்கவில்லை. பாறையைப் பொடியாக்கும் ஸ்டாம்ப் மில்லின் இடி அந்தத் தங்கச் சுரங்க ஊரில் காற்று மாதிரி. கேட்டுக் கேட்டு யாருக்கும் கேட்காது. அன்று மத்தியானம் ஏதோ பழுது என்று மில்லை நிறுத்தினார்கள். காது திடீரென்று காலியானது. ஓட்டின் மேல் காக்கை நடப்பதும், பக்கத்துப் பாயில் சகாயம் மூக்கை உறிஞ்சுவதும், சமையல்கட்டில் கஞ்சி கொதிப்பதும் தனித்தனியாக வந்து சேர்ந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், தரையில் பதித்த கல் பலகைக்குக் கீழேயிருந்து, அது. ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு. கல்லால் பாறையைத் தட்டும் சத்தம்.

சுரங்கத்தில் வேலை பார்த்த எவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். பாறை சரிந்து உள்ளே அகப்பட்டவன் அப்படித்தான் தட்டுவான். கேட்டவன், கையில் எது இருந்தாலும் அதை வைத்து மூன்று தட்டுத் தட்டிப் பதில் கொடுக்க வேண்டும். வந்துவிட்டோம், உயிரைப் பிடித்துக்கொண்டிரு என்று அர்த்தம். பதில் கொடுக்காமல் போனவன் வீட்டில் லைன் வீட்டுத் தொழிலாளிகள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

தசரதனின் கை தானாகவே தரைக்குப் போனது. போன கையைப் பாதியில் இழுத்து அக்குளில் சொருகிக்கொண்டான்.

அது சுரங்கம் இல்லை. குடியை மறக்கவைக்கும் வீடு. தொழிலாளர்களின் ஸ்கெலட்டன் லைன் வீடுகளைத் தாண்டி, மேட்டின் ஓரத்தில் ஒரு மிஷன் வாடகைக்கு எடுத்து நடத்தியது. பொறுப்பு உபதேசியார் ஆபிரகாம். ஒரு காலத்தில் அவரே சாராயக் கடை வாசலில் விழுந்து கிடந்தவர்தான். சாதி, சாமி பார்க்காமல் வருகிறவனையெல்லாம் சேர்த்துக்கொள்வார். காலையில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு வெந்நீர். அப்புறம் வைத்தியர் முனிரத்தினம் காய்ச்சிய நிலவேம்புக் கசாயம், கஞ்சி. நடுக்கம் நின்றவர்களுக்குத் தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, குடியால் என்ன போச்சு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாட்டுப் பாடுவார்கள்.

கசாயம் பெரிதா ஜெபம் பெரிதா என்று வைத்தியருக்கும் உபதேசியாருக்கும் ஓயாத சண்டை. "உன் கசாயத்த இன்னொரு தபா குடிக்கணுமேன்னு பயந்துதான் ஓய் இவங்க குடிய வுடறாங்க" என்பார் ஆபிரகாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. புதிதாக வருகிறவனிடம் இரண்டு பேரும் இதையே சொல்வார்கள்.

"சாராயம் ஒடம்ப வுட்டு எறங்கும்போது சும்மா எறங்காதுப்பா. பூரான் காட்டும், பொணத்தக் காட்டும், பேர் சொல்லிக் கூப்பிடும். எதுக்கும் பதில் குடுக்காத. குடுத்தின்னா திரும்ப ஏறிக்கும்."

கண் கூசுகிற புதுசுகளுக்கு ஜன்னல் அடைத்த இந்த அறை. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்கிறவரை இங்கேதான். பகலிலும் இருட்டு.

மனைவி பாப்பம்மா ஒரு முறை வந்து வாசற்படியிலேயே நின்றாள். "நீ குடிச்சதக்கூடப் பொறுத்துக்கினேன்யா. குடிக்கவே இல்லன்னு எம் மூஞ்சப் பாத்துச் சொன்ன பாரு, அத்தத்தான் தாங்க முடியல. ஞாயித்துக்கிழமை வரேன். தெளிஞ்சிருந்தா கூட்டிக்கினு போறேன். இன்னொரு பொய் வந்துச்சோ, அண்ணனோட குடியாத்தத்துக்கு ரயில் ஏறிடுவேன். அப்புறம் புள்ள மூஞ்சிய நீ பாக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு தசரதன் படுத்திருந்தான். உடம்பு நடுங்கியது. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. கீழே தட்டிக்கொண்டேயிருந்தது. வேகமும் இல்லை, ஓய்வும் இல்லை. வெளியே மில் மறுபடி ஓடத் தொடங்கியும் அதை மறைக்க முடியவில்லை. ஒருமுறை கண்டுபிடித்த சத்தத்தைக் காது விடுவதாயில்லை. கல் பலகையில் கன்னம் பட்டபோது ஈரப் பாறை வாசனை வந்தது. வெடி வைத்த பிறகு லெவலில், சுரங்கப் பாதையில், தங்கும் கசப்புப் புகை வாசனையும் வந்தது.

உபதேசியார் கஞ்சியோடு வந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான். "ஐயா, இந்த வீட்டுக்கு அடியில லெவல் எதுனா ஓடுதுங்களா?"

"இல்லியேப்பா. வெள்ளக்காரன் வரத்துக்கு மின்னாடி யாரோ தோண்டின பழைய குழிங்க கீதுன்னு சொல்வாங்க. அதுல மனுசன் எறங்கியே எத்தினி தலைமுறை ஆச்சோ." அவர் கண் சுருங்கியது. "இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாதாங்க."

அவர் போனதும் இருட்டில் சகாயம் மெல்லச் சிரித்தான். "நீயும் கேட்டுட்டியா மச்சான்."

தசரதன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னாத்த?"

"ஒண்ணு. அப்புறம் ரெண்டு." சகாயம் முகத்துக்குமேல் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான். "இங்க படுத்தவன் அத்தினி பேருக்கும் கேக்கும். கேக்கலன்னு சொல்லித்தான் ஒவ்வொருத்தனும் வெளிய போறான். நாளைக்கி நானும் அதான் சொல்லப்போறேன்."

"அப்போ சாராயம் காட்டறது இல்லியா இது?"

"எனக்கு ஒடம்பு தேறி எவ்ளோ நாளாச்சி. சாராயம் எங்க கீது?" துப்பட்டிக்குள்ளிருந்தே சொன்னான். "உன் பாயில இன்பராஜ்னு ஒருத்தன் படுத்திருந்தான். நல்ல மனுசன். தாங்க முடியாம தட்டிட்டான்."

"அப்புறம்?"

"காலையில காணோம். செவுரு ஏறிக் குதிச்சி சாராயக் கடைக்கு ஓடிட்டான்னாங்க. வேட்டி மட்டும் இங்கியே கெடந்துச்சி. வேட்டி இல்லாம எந்தக் கடைக்கிடா போவான்?" அவனே சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சகாயம் உபதேசியாரின் கண்ணைப் பார்த்து, "ஒண்ணும் கேக்கலீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அறையில் தசரதன் மட்டும். பாயை மாற்றிப் போட்டுப் பார்த்தான். தட்டலும் இடம் மாறியது. சுவரோரம் போனால் சுவரோரம். அவன் முதுகுக்கு நேர் கீழே. மெதுவாக, பொறுமையாக. அகப்பட்டவனுடைய தட்டில் அவசரம் இருக்கும். போகப் போகத் தளரும். இது தளரவில்லை. இவனுக்காகவே காத்திருப்பதுபோல இருந்தது. வாயில் துண்டைத் திணித்துக் கடித்தான். கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டான். பாப்பம்மா. பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் மணி ஓய்ந்ததும் கதவு திறந்தது. உபதேசியார் முன்னே, பாப்பம்மா பின்னே. தலைவாரிப் பூ வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் தசரதன் சட்டென்று எழுந்து நின்றான்.

"உம் பொஞ்சாதி மின்னாடியே கேக்கறேன் தசரதா. இன்னும் எதுனா கேக்குதா?"

ஒன்று. இரண்டு. கால் பெருவிரலில் அதிர்ந்தது.

"இல்லீங்க ஐயா."

பாப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் துணிமணிய எடுத்தாறேன்" என்று உபதேசியார் வெளியே போனார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

"கெளம்புய்யா. புள்ள வாசல்லியே நிக்கிது" என்று சொல்லிக்கொண்டே அவள் குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். மண்டியிட்டுக் கல்லில் காதை வைத்தாள்.

"யோவ். கீழ யாரோ தட்றாங்க."

தசரதன் சாத்திய கதவைப் பார்த்தான்.

"அகப்பட்டுக்கினு கீறாங்கய்யா! எங்கப்பாவ இப்படித்தான உசுரோட எடுத்தாங்க!" அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் துளிர்த்தது. "உனக்குக் கேக்கல?"

கேட்கிறது என்று சொன்னால் சற்றுமுன் உபதேசியாரிடம் சொன்னது பொய் என்றாகிவிடும். அவள் போய்விடுவாள். பிள்ளையும். ஒரே ஒரு மூச்சு நேரம்தான் அவன் யோசித்தான்.

"கேக்கல."

அவள் முகம் தெளிந்தது. "உன் காது இன்னும் சரியாவல" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த கசாய லோட்டாவை எடுத்தாள். அவன் கை நீட்டினான். எட்டவில்லை.

மூன்று தட்டு.

கீழே அடங்கியது.

வெளியே மில் சத்தமும் இல்லை. காக்கை இல்லை. எதுவும் இல்லை.

அப்புறம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம். மெழுகுவர்த்தி வெளிச்சம். பக்கத்துச் சந்தில் இன்னொன்று. அறை முழுக்க, கோடு கோடாக. கூரையில் நிழல்கள் விழுந்தன. தலைகள். ஏறி வருகிற தலைகள். நெருக்கி நெருக்கி.

"பாருய்யா! உசுரோட கீறாங்க!" பாப்பம்மா தரையோடு குப்புறப் படுத்தாள். "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டோம்! கையக் குடுங்க! புடிச்சிக்கோங்க!"

"பாப்பா, வேணாம்டி. எனக்குக் கேட்டுச்சி. எல்லா நாளும் கேட்டுச்சி."

அவள் திரும்பினாள். அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"வுட மாட்டேங்கிறாங்கய்யா" என்றாள், ரொம்ப மெதுவாக.

வளையல் உடைந்தது. இன்னொன்று. வெளிச்சம் அவள் கன்னத்தைக் கீழிருந்து மஞ்சளாக்கியது.

ஒரு விரல் மட்டும் நுழைகிற சந்து அது. அவள் கை முழங்கைவரை அதற்குள் போயிருந்தது.