பன்னிரண்டாவது தகடு

மூன்றாம் பொறி, கில்மன் சீர் தன் கையால் வைத்ததைவிட நன்றாக வைக்கப்பட்டிருந்தது.

தன் கைவேலையின் லட்சணம் அவருக்குத் தெரியும். அவர் ஒரு நரிப்பொறியை மண்ணில் புதைத்துவிட்டு எழுந்தால், நாலு கரடிகள் அங்கே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டு அடிதடியும் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். இப்போதோ இரைக்குழி சாய்வாக, விளிம்பு நொறுங்காமல் தோண்டப்பட்டிருந்தது. பொறியின் மேல் சலித்த மாவைப்போல் மண். அதன் மேல் ஊசியிலைகள், ஒவ்வொன்றாக எண்ணி வைத்ததுபோல். காற்று வரும் திசை, மிருகம் குனியும் திசை, எல்லாம் கணக்காக இருந்தது. சங்கிலியில் அவர் பெயர் பொறித்த செப்புத் தகடு மட்டும் மாறாமல் தொங்கியது.

சுற்றிலும் லேசான பனியில் காலடிகள். மூன்று பாதம், ஒரு துளை. மூன்று பாதம், ஒரு துளை. யாரோ கம்பை ஊன்றி நடந்ததுபோல் அந்தத் துளை.

கில்மன் வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு தொண்டைவரை வந்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளேயே இறங்கிவிட்டது.

அவருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஜூனில் ஓய்வு பெற்றார். ஜூலைக்குள் வீட்டிலிருந்த எல்லாக் கதவையும் கழற்றி மாட்டிவிட்டார்; ஆகஸ்டில் மனைவி ஆர்லீனையும் கழற்றி மாட்டியிருப்பார், அவள்தான் விடவில்லை. செப்டம்பரில் பொறிவேட்டை வகுப்பில் சேர்ந்தார்.

"கொசு அடிக்கத் தெரியாது உனக்கு, கில். இதுல நரியாம்!" என்றாள் ஆர்லீன்.

ஒரு நரியைப் பிடிக்க மாநிலம் எழுதி வைத்திருக்கும் விதிகளை அடுக்கினால், நரி அதன் மேல் ஏறி நின்று நிலாவை நக்கிவிட்டு வரலாம். வகுப்பு, தேர்வு, உரிமம், நிலக்காரரின் கையெழுத்து, வீடுகளிலிருந்து தூரம், பொறித் தாடையின் அகலம். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு விதிகள். ஒவ்வொரு பொறியிலும் வைத்தவரின் பெயரும் முகவரியும் பொறித்த தகடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பொறியையும் நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். பிடிபட்டது இரும்பில் கிடந்து துடிக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த விதி. தவறினால் பொறி உரிமம் போகும், வேட்டை உரிமம் போகும், மூஸ் மான் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் இருபத்துமூன்று வருடமாகச் சேர்த்த புள்ளிகளும் போகும். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் புள்ளிகளை இழப்பதற்குப் பதில் ஒரு சிறுநீரகத்தை இழப்பார்கள்.

கில்மன் பன்னிரண்டு தகடு அடித்தார். பன்னிரண்டு பொறி வைத்தார். தினமும் விடிந்ததும் சுற்றி வந்தார். சுற்றியது பதினொன்றை மட்டும்.

அவருடைய பேருந்துக்குப் பதினோரு நிறுத்தம். முப்பத்தொரு வருடம், பதினோராவது நிறுத்தத்தில் கதவை மூடினால் நேரே பள்ளிக்கூடம். பதினோராம் பொறியைப் பார்த்ததும் அவர் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. தேவதாரு சதுப்பில் வைத்த பன்னிரண்டாவதை அவர் வேண்டுமென்று விடவில்லை, உடம்பு மறந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை, ஆர்லீன் கோதுமைத் தோசைகளைத் தட்டில் போட்டுக்கொண்டே எண்ணினாள். "பத்து, பதினொன்னு, பன்னெண்டு. போதுமா?"

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

சதுப்பில் பறவைச் சத்தமே இல்லை. அழுகிய இலை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, ஈரக்கம்பளியும் பழைய ரத்தமும் கலந்தது. சங்கிலி எட்டும் தூரம்வரை வட்டமாக மண் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. வேர்கள் கடித்துக் கூழாக்கப்பட்டிருந்தன, மரப்பட்டை ஓராள் உயரத்துக்கு உரிந்திருந்தது. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் சாம்பல் நிறமாக ஏதோ குந்தியிருந்தது. நரிக்கு அது மிக நீளம். கொயோட்டி ஓநாயும் இப்படி உட்காராது. லிங்க்ஸ் பூனையோ? லிங்க்ஸ் பாதுகாக்கப்பட்ட மிருகம், பிடிபட்டால் உடனே வனக்காவலரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டால் காவலர் கேட்கும் முதல் கேள்வி: கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அது உறுமவில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கும் குழந்தைபோல அவர் முகத்தையே பார்த்தது. மூச்சு மட்டும் புகையாக வந்தது, போனது.

இடுப்பில் துப்பாக்கி இருந்தது. ஒரே குண்டில் அதன் துன்பம் முடிந்திருக்கும். ஆனால் சுட்டால் உடல் கிடக்கும். உடல் கிடந்தால் கேள்வி வரும். கில்மன் சுற்றிப்போய், சங்கிலியின் மறுமுனையில் குனிந்து, குறட்டால் கம்பியை நறுக்கித் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். இனி அது யாருடைய பொறியும் இல்லை.

திருப்பத்தில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அது சங்கிலியின் எல்லைவரை வந்து உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தை அல்ல, தகட்டைப் பொத்திய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாலத்தில் நின்று தகட்டை ஆற்றில் எறிந்தார். சின்ன சத்தம். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்துத்தான் இந்த மூன்றாம் பொறி.

அதற்கு மறுநாள் எட்டாம் பொறியின் இரைக்குழியில் அவர் ஊற்றியிருந்த மீனெண்ணெய் வழிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு வெல்லப்பாகு டோனட் இருந்தது. ஆர்லீன் சுட்டது. சர்க்கரை நோய்க்காக டாக்டர் தடுத்து, ஆர்லீன் ஒளித்து வைத்து, அவர் தினமும் திருடித் தின்பது. ஒரு கடிகூட விழாமல், குளிரில் விறைத்து, குழிக்குள் நேராக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நரிக்கு மீனெண்ணெய் பிடிக்கும் என்று வகுப்பில் கில்மன் படித்ததுபோல, அவருக்கு எது பிடிக்கும் என்று எதுவோ எங்கேயோ படித்திருக்கிறது.

அன்றே எல்லாப் பொறிகளையும் பிடுங்கக் கிளம்பினார். எட்டுதான் கிடைத்தன. மூன்றைக் காணோம். அந்தி சாயும் முன் சதுப்புக்கும் போனார். வழித்த வட்டம் இருந்தது. பன்னிரண்டாவது பொறி இல்லை. நங்கூரக் கம்பி நெளியாமல், உடையாமல், நேராக உருவி எடுக்கப்பட்டிருந்தது.

காட்டில் எங்கோ நாலு பொறிகள். மூன்றில் அவர் பெயர். அவர் பெயரில் அவை காத்திருக்கின்றன, பார்ப்பாரில்லாமல்.

வியாழன் காலை வனக்காவலர் டெப்பி மிஷோ வந்தாள். ஆர்லீன் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு பாங்கர் நகரத்துக்கு, தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். "பொறிகளைத் தினம் பாக்கணும், சட்டம். நான் எப்படி வர்றது?" என்று கில்மன் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கெழம கூப்பிடறேன். அதுவரைக்கும் அந்த டோனட்டத் தொடாத, நான் எண்ணி வச்சிருக்கேன்" என்று அவள் போனாள்.

டெப்பி சமையலறையில் காபியோடு உட்கார்ந்தாள். ஆறு வயதில் அவருடைய பேருந்தில் ஏறியவள்.

"நீதானே என் புது சீட்டுல வாந்தி எடுத்தவ?"

"ஒரே ஒரு தடவ, சீர் சார். ஊர் பூரா சொல்லி முடிச்சாச்சுல்ல, இன்னும் விட மாட்டீங்களா?" அவள் சிரித்தாள். "எத்தன நரி?"

"நரிங்கல்லாம் லீவுல போயிருக்கு."

"ஹார்ன் அடிச்சா ஓடி வர்றதுக்கு அதென்ன பள்ளிக்கூடப் பிள்ளைங்களா? சரி, புதுசா வர்றவங்களோட நான் ஒரு நாள் சேந்து நடக்கிறது வழக்கம். நாளைக்குக் காலைல வரட்டுமா? பொறி வரிசை பூரா ஒரு சுத்து."

இதுதான் நேரம். சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தார். இருபத்துமூன்று வருடப் புள்ளிகள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"பொறியெல்லாம் எடுத்துட்டேன், டெப்பி. நானும் இன்னைக்குச் சாயங்காலம் பாங்கர் போறேன். பத்து நாள் வீடு பூட்டித்தான் கெடக்கும்."

"அப்ப வந்துட்டுச் சொல்லுங்க." அவள் தொப்பியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்றாள். "நாய் வாங்கியிருக்கீங்களா சார்? பின்கதவச் சுத்திக் காலடி கெடக்கு. மூணு கால்தான். பாவம்."

அவள் வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கில்மன் மேசை விளிம்பை விடவில்லை.

பகல் நாலு மணிக்கு முடிந்தது. அந்த ஊரில் நவம்பர் அப்படித்தான், சாப்பிட்ட மதிய உணவு வயிற்றில் இறங்குவதற்குள் விளக்குப் போட வேண்டும். அவர் எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டார். குளிர்பெட்டி முனகியது, அடுப்பில் கட்டை வெடித்தது, கூரையில் பனி நழுவி விழுந்தது, இந்த மூன்று சத்தங்களையும் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காதுக்குள் நாலாவதாக ஒன்று மெல்ல நுழைந்தது: விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து, சங்கிலிக் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று பொறுமையாக இறங்கும் சத்தம்.

பிறகு நின்றது.

அரை மணி நேரம் அவர் நகரவில்லை. பின் ஜன்னல் அருகே போனார். சமையலறை விளக்கு வெளியே பனியில் மஞ்சள் சதுரமாக விழுந்திருந்தது. சதுரத்தின் விளிம்பில், கொட்டகைச் சுவருக்கு அடியில், எதுவோ மின்னியது. சிவப்பாக. செம்பாக.

கைவிளக்கோடு வெளியே போனார். அலைபேசி மேசையிலேயே இருந்தது.

இரைக்குழி. சாய்வாக, சுத்தமாக. அதற்குள் செப்புத் தகடு. கி. சீர், சாலையின் பெயர், கதவு எண். அவர் சுத்தியலால் கோணலாக அடித்த எழுத்து. ஆற்றுப் பாசி ஒட்டியிருந்தது. மேலே மெல்லிய ஐஸ்.

ஆற்றின் அடியிலிருந்து அதை எது எடுத்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கும் இடத்தில் மனம் காலை வைக்க மறுத்தது. நாளைக்கோ மறுநாளோ யாராவது இதைப் பார்த்தால். டெப்பி பார்த்தால். அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

குழிக்கு முன்னால் பொறி இருக்கும். அது அவருக்குத் தெரியும். சுவரோரம் கிடந்த ஒரு கம்பை எடுத்து முன்பக்க மண்ணைக் குத்தினார். டப்! தாடை கம்பைக் கவ்வியது.

"அவ்வளவுதானா? என்ன, என்னை மடையன்னு நெனச்சியா?" என்றார் இருட்டைப் பார்த்து. சுவரோரமாக, பின்பக்கமாகச் சுற்றிப்போய் நின்று, குனிந்து, குழிக்குள் வலது கையை விட்டார். தகட்டை விரல்கள் பிடித்தன.

கெட்டிக்கார வேட்டைக்காரன் பின்பக்கமும் ஒன்று வைப்பான். வகுப்பில் சொன்னார்கள்.

கணுக்கால்.

கத்தினார். விழுந்தார். ஊன்றிய இடது கை. டப். உருண்டார். வலது மணிக்கட்டு. டப்.

பிறகு பனி மட்டும் விழுந்தது.

இரண்டு கை, ஒரு கால். மூன்று சங்கிலி மூன்று திசையில் இழுத்தன. பொறியைத் திறக்க இரண்டு பக்கச் சுருள்வில்லையும் ஒருசேர அமுக்க வேண்டும். எதை வைத்து அமுக்குவது? இழுத்தார். இழுக்க இழுக்க இறுகியது. கணுக்காலில் இருந்த பொறியில் தகடு இல்லை. கைவிளக்கு அணையும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைவிளக்கு அணைந்தது.

விடிந்தது. தன்னைச் சுற்றி மண் வட்டமாக வழித்தெடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். நகங்களில் மண். தானே செய்தது. சாலையில் டெப்பியின் வண்டி வந்தது, வீட்டருகே மெதுவானது. முற்றத்தில் வண்டி இல்லை. பத்து நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. கத்தினார். குரல் இரவே தீர்ந்திருந்தது. வண்டி போய்விட்டது.

மத்தியானம். குளிர். உறக்கம். மறுபடி குளிர்.

நாலு மணிக்கு அது வந்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள். சட்டப்படி.

அவசரமில்லாமல் வந்தது. மூன்று பாதம், ஒரு துளை. மூன்று பாதம், ஒரு துளை. ஈரக்கம்பளி வாசனை முதலில், பின் மூச்சின் புகை, பின் அது. சமையலறை விளக்கின் வெளிச்சத்துக்குள் மட்டும் வரவில்லை. தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தது, கிளைகளுக்கு அடியிலிருந்து பார்த்த அதே பார்வை. கால் பொறியைப் பார்த்தது. கைப் பொறிகளைப் பார்த்தது. எல்லாம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தது.

"முடிச்சிடு," என்றார் கில்மன். உதடு மட்டும் அசைந்தது. "ஒரேயடியா முடிச்சிடு. தயவுபண்ணி."

அது குனிந்தது. வெதுவெதுப்பான வாய் அவர் வலது கையைத் தொட்டது. பற்கள், மிக மெதுவாக, ஒரு கீறல்கூட விழாமல், விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. தகட்டை எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டு கைப் பொறிகளிடம் போனது. ஒரு கம்பி, நறுக். இன்னொரு கம்பி, நறுக்.

மூன்று தகடுகளும் வாயில் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்க, அது காட்டின் விளிம்புவரை போய், ஒரு முறை திரும்பிப் பார்த்து, மரங்களுக்குள் நடந்தது.