ஒற்றைக் காதுப் பன்றி

கதவைத் திறந்த லிவாய் வாயைப் பிளந்தபடி நின்றாள். வாசலில் ஒரு முழுப் பன்றி! பொன்னிறமாகச் சுட்டு, மூங்கிலில் கோத்து, இரண்டு ஆட்கள் தோளில் சுமந்து வந்திருந்தார்கள்.

"ஜட்ஜ் அம்மா வீடுதானே? வாழ்த்து சொல்லி அனுப்பியிருக்காங்க."

ஜட்ஜ் அம்மா என்றால் லிவாயின் அம்மா ரெமெடியோஸ். இன்றுதான் மணிலாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவி ஏற்கிறார். அனுப்பியது யார் என்று லிவாய் கேட்பதற்குள் குலாஸ் மாமா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

மாமாவுக்கு மொறுமொறு பன்றித் தோல் என்றால் உயிர். கண்ணை மூடித் திறப்பதற்குள் இடது காதை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் ஒருவன் உடனே செல்போனை எடுத்தான்.

"நல்லா சிரிங்கண்ணே!"

மாமா சிரித்தார். படம் எடுத்தவன் பன்றியை மேசையில் வாழையிலை விரித்து வைத்துவிட்டுக் கூட்டாளியோடு நடையைக் கட்டினான்.

வாழையிலைக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. 'அன்புடன், அபுந்தியோ சுரங்கக் கம்பெனி.'

லிவாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா! துப்புங்க, துப்புங்க!"

"முழுங்கிட்டேனே! ஏன், கெட்டுப்போச்சா?"

"ஆத்துல விஷம் கலக்குறாங்கன்னு ஊர்க்காரங்க கேஸ் போட்டிருக்காங்களே, அந்தக் கம்பெனி! அடுத்த வாரம் கேஸ் அம்மாகிட்டதான் வருது!"

மாமாவின் முகம் வெளிறியது.

அம்மா இருபத்தாறு வருடமாக நீதிபதி. முதலில் கிடைத்தது கூரை ஒழுகும் ஒரு சின்ன ஊர்க் கோர்ட். மேசைமேல் குடையை விரித்து வைத்து வழக்குக் கேட்டார். யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு கூடை மாம்பழத்தைத் திருப்பிக் கொடுக்கக் கொட்டும் மழையில் நடந்தே போனார். அந்த நல்ல பெயரையெல்லாம் இன்று ஒரு காது கெடுத்துவிடுமா? லிவாய்க்கு அழுகை முட்டியது.

"அழாதேடி. மாவுல ஒரு காது செஞ்சு ஒட்டித் திருப்பி அனுப்பிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"போட்டோ எடுத்தாங்களே மாமா!"

மாமா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயையோ, சிரிச்சு வேற தொலைச்சேனே!"

லிவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டிலிருந்து தாளைக் கிழித்தாள். 'திருப்பித் தருவது: பன்றி ஒன்று. குறைவது: இடது காது. அதை என் மாமா தெரியாமல் தின்றுவிட்டார். அப்போது அம்மா வீட்டில் இல்லை.' தேதி போட்டு, அதேபோல் இன்னொன்றும் எழுதினாள்.

"என் மானத்தை வாங்குறியேடி!"

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?"

மோட்டார் சைக்கிளோடு பெட்டி பூட்டிய வாடகை வண்டியில் பன்றியும் லிவாயும் உள்ளே உட்கார, மாமா பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா குலாஸ், விருந்தாளியை எங்க கூட்டிட்டுப் போற?" என்று தெருவே கேலி செய்தது.

கம்பெனி வாசலில் காவல்காரர் தாளைப் படித்தார். பன்றியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பன்றியை வாங்கி வைத்தார்; இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை லிவாயிடமே கொடுத்தார்.

மாலையில் அம்மா வந்ததும், பெரியவர்களிடம் ஆசி வாங்கும் அந்த ஊர் வழக்கப்படி, லிவாய் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தாளை நீட்டினாள். மாமா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"கடவுளே, முதல் நாளேவா!" அம்மா அதை இரண்டு முறை படித்தார். தாளை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். "வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்."

அடுத்த வாரம் நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் கையில் ஓர் உறையோடு எழுந்தார். உள்ளே மாமாவின் படம்! ஆனால் அம்மா முந்திக்கொண்டார். லிவாயின் தாளைச் சத்தமாகப் படித்தார். நீதிமன்றமே திகைத்தது. மாமா கடைசி வரிசையில் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தரப்பும் சம்மதிச்சாதான் இந்த வழக்குல இருப்பேன். இல்லேன்னா விலகிக்கிறேன்," என்றார் அம்மா.

ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண் எழுந்தார். "ஒரு காதைக்கூட மறைக்காதவங்க நீங்க. நீங்களே கேளுங்கம்மா!"

பக்கத்து இருக்கை நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டு வக்கீலைப் பார்த்தார். "அது சரி, அந்தப் பன்றியை அனுப்பினது யாரு?"

வக்கீல் உறையை மெல்லப் பைக்குள் தள்ளினார். "எங்களுக்கும்... சம்மதம்தான் ஐயா."

மே மாதத் திருவிழாவில் பக்கத்து வீட்டு மேசைக்குப் பொன்னிறமாக ஒரு பன்றி வந்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். குலாஸ் மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"லிவாய், வாழையிலைக்கு அடியில நல்லாப் பார்த்துட்டியா?"