இடது பெடல் கிளாம்ப்

காலை 8.10. ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்த முதலாளி, உள்ளே கால் வைக்காமலே கத்தினார். ட்ரம்ஸ்காரன் ஸ்டூலிலிருந்து சரிந்து, மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில், ட்ரம்ஸோடு சேர்த்து அவன் அடிக்கும் குடம் அளவு வெண்கல மணி. அதைக் கூரைக் குழாயில் பிடித்திருந்த கிளாம்ப்பும் மணியோடு கிடந்தது.

8.50-க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு ஆமை என்று பெயர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நகரமாட்டார். கூட வந்தவர்களுக்குத்தான் பசி எடுக்கும்.

"கம்பெனி கிளாம்ப் போன மாசம் ஒடஞ்சிடுச்சு சார்," என்றார் முதலாளி. "மாத்துக்கு எங்கயும் கெடைக்கல. இவனோட அக்கா வாத்தியம் ரிப்பேர் பண்றவங்க, அவங்களே ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. எனக்கு மனசே ஒப்பல. நேத்து ஏணி போட்டு நானே கழட்டப் பாத்தேன். பலங்கொண்ட மட்டும் திருகினேன், அசையல. இவ்வளவு டைட்டா இருக்கேன்னு விட்டுட்டேன்."

அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் உள்ளே விடவில்லை. இன்னும் அழவும் இல்லை.

"எதுல செஞ்சீங்கம்மா?"

"பழைய சைக்கிள்ல சார். எடது பெடலோட தண்டு, அது மாட்டுற க்ராங்க். க்ராங்க வெட்டி, வளைச்ச பட்டையில வெல்டிங் வச்சேன்."

"திருகுறத யாருக்குக் காட்டினீங்க?"

"தம்பிக்கு மட்டும்தான். அவனேதான் மாட்டிக்கிட்டான்." சட்டென்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "நான்தான் சார் கொன்னேன். கண்டதையும் ஒட்டவச்சு அவன் தலைக்கு மேல தொங்கவிட்டேன். கூட்டிட்டுப் போங்க."

அப்போது எதிர்க் கேபினிலிருந்து அவள் கணவன் வந்தான். அந்தக் கூடத்தின் ஒலிப்பதிவாளன். அவள் அவசரமாகக் கைகளை மடக்கி, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். அதற்குள் அங்கே விரல் விரலாகக் கன்றியிருந்த நீலத்தை ஆமை பார்த்துவிட்டார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஏழு மணிக்கு. மச்சினன் அப்பவே இங்க இருந்தான். ஏழரைக்கு டீ குடிக்கப் போனான், வந்து கதவச் சாத்திக்கிட்டு அடிக்க ஆரம்பிச்சான்."

"கிளாம்ப்ப எப்பவாவது கழட்டி மாட்டினது உண்டா?"

"தொட்டதே இல்ல சார். மைக்கு, வயரு, அதோட என் வேலை முடிஞ்சுது."

ஆமை உள்ளே போனார். ஏணியில் ஏறி, கிளாம்ப்பைக் குழாயில் மாட்டினார். லொடலொடவென்று ஆடியது. இடைவெளியில் சுண்டுவிரல் நுழைந்தது. இறங்கினார். மறுபடியும் ஏறிப் பார்த்தார்.

9.40. முதலாளியை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இத அந்த மேசை விளிம்புல இறுக்குங்க."

முதலாளி வலப்பக்கம் திருகினார். கிளாம்ப்பின் வாய் இன்னும் அகன்றது. இன்னொரு சுற்றில் தண்டே கையோடு வந்துவிட்டது.

"என்ன எழவு சார் இது!"

"வாயத் தெறக்காம ஓரமா நில்லுங்க," என்ற ஆமை, தண்டை மறுபடி பொருத்திவிட்டு, கணவனையும் மனைவியையும் உள்ளே அழைத்தார். கிளாம்ப்பைக் கணவனிடம் நீட்டினார்.

"மேசையில இறுக்குங்க."

அவன் யோசிக்கவே இல்லை. இடப்பக்கம் திருகினான். கிளாம்ப் மேசையைக் கவ்வியது.

"உங்களுக்கு எப்டிங்க தெரியும்?" என்றாள் மனைவி. கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"தானா நழுவுன கிளாம்ப், இறுக்கின அளவுலயே கெடக்கும்," என்றார் ஆமை. "இது வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. யாரோ தளர்த்தியிருக்காங்க. சைக்கிள்ல எடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் ஓடும். அது தெரியாமதான் முதலாளி நேத்து கழட்டுறதா நெனச்சு இன்னும் இறுக்கிட்டு வந்தாரு. இந்தச் சங்கதி செஞ்சவங்களுக்குத் தெரியும், மாட்டினவனுக்குத் தெரியும். மூணாவதா, இதோட மல்லுக்கட்டித் தளர்த்தினவனுக்குத் தெரியும். மச்சினன் டீக்குப் போனப்ப ஏணி ஏறினது நீங்கதான். தளர்த்தினாலும் பட்டையோட வளைவுல தொங்கிட்டுதான் இருக்கும். அவன் வந்து மணிய ஓங்கி அடிச்சு ஆடினதும் விழுந்துடுச்சு."

கணவன் கிளாம்ப்பிலிருந்து கையை எடுத்தான்.

"அவளுக்குத் தனியா ரூம் பாத்துட்டான் சார். இன்னிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தான். என் பொண்டாட்டிய, என் வீட்லேந்து."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மச்சினனையும் தீர்த்து, பழியையும் கட்டியவள் தலையில் கட்டிவிடப் பார்த்தான். ஆமைக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டார்.

ஜீப் போனபிறகு அவர் வாசல்படியில் அவளருகே உட்கார்ந்தார்.

"உங்க வேலையில ஒரு கொறையும் இல்லம்மா."

அப்போதுதான் அவள் அழுதாள். ஓய்ந்தபின் சொன்னாள்: "காலைல எங்கம்மாவுக்கு நான்தான் சார் போன் பண்ணேன். உன் புள்ளைய நானே கொன்னுட்டேம்மான்னு சொன்னேன். அவங்க என்னைய ஒரு வார்த்தகூடத் திட்டல. நீ தனியா இருக்காத, மாப்பிள்ளைய பக்கத்துலயே இருக்கச் சொல்லுன்னாங்க."

ஆமையின் மடியில், கணவனிடம் கைப்பற்றிய பொருள்களுக்கு நடுவே, அவன் போன் அடித்தது. திரையில் 'அத்தை' என்று இருந்தது. அவள் கை நீட்டினாள். ஆமை எடுத்துக் கொடுத்தார்.