அயிலையின் சிவப்புச் சதை

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் ஏக்கப் படிவத்தைக் கொடுக்காதவர்களுக்கு நெய்தல் குடியிருப்பில் அன்றைக்குக் குளியல் கிடையாது. "இந்த வாரம் பூமியில் எதை நினைத்து ஏங்கினீர்கள்?" என்று ஒரே கேள்விதான். யுரோப்பா நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் குடியேறிய நானூறு பேரும், வந்த புதிதில் ஊர் நினைப்பிலேயே உருகி வேலை ஓடாமல் கிடந்ததால் வந்த சட்டம் அது. கேட்டதைக் குடியிருப்புச் சங்கம் செய்து கொடுக்கும். மழைச் சத்தம் கேட்டார்கள், வந்தது. ஒரு மகானுபாவர் கொசு கேட்டார். ஆறே மாதத்தில் கடிக்காத கொசு தயாரானது. கடிக்காவிட்டால் அது என்ன கொசு என்று அடுத்த வாரமே புகார் எழுதினார். மனுஷ ஜாதிக்குத் திருப்தி ஏது!

ஆனால் ஒன்பது வருஷமாக முதலிடம் ஊர் மீனுக்குத்தான். இத்தனைக்கும் நெய்தலில் அயிலை மீன் வளர்க்கும் தொட்டிக்கூடம் ஒன்று இருந்தது. கருவியலாளர் குணவதி அதன் பொறுப்பாளர். அவள் வளர்த்த அயிலை வெள்ளை வெளேரென்று இருக்கும். வாயில் போட்டால் பஞ்சு. பரிமாறிய தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. கடைசியில் சங்கத் தலைவி ஹில்டா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"குணா, அடுத்த வருஷ விருந்துல தட்டு காலியாகணும். இல்லன்னா கூடத்த ஈஸ்ட் வளக்க விட்டுருவோம். எனக்கும் வேற வழியில்லம்மா."

பதினோரு வருஷம் முட்டையும் குஞ்சுமாக குணவதி வாழ்ந்த இடம் அந்தக் கூடம். அதைவிடப் பெரிய குறை வீட்டில் இருந்தது. அவள் கணவன் ரெக்சன் மணப்பாட்டுக் கடற்கரைக்காரன். சாப்பிட உட்கார்ந்தாலே, "எங்க ஊரு அயிலை மாதிரி வருமாட்டி?" என்று பெருமூச்சு விடுவான். அவளோ ஓசூர்க்காரி, சைவக் குடும்பம், மீன் வாடையே அறியாமல் வளர்ந்தவள். இந்த மனுஷனுக்கு ஒரு தடவையாவது அந்த ருசியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை.

பழைய கருவியல் ஏடுகளைத் தோண்டியதில் விஷயம் பிடிபட்டது. மீன் கருவில் தசை இரண்டு வகையாக உருவாகும். நடுவில் ஓடும் முதுகுநாணை ஒட்டிப் பிறக்கும் உயிரணுக்களுக்கு, அந்த நாணிலிருந்து ஒரு செய்திப் புரதம் வந்து சேரும். அவை நிதான நார்களாகும். நாள் முழுக்கச் சளைக்காமல் நீந்த வைப்பவை, சிவப்பானவை. செய்தி எட்டாத மற்றவை பாய்ச்சல் நார்களாகும். ஒரே துள்ளலுக்கு ஆனவை, வெள்ளை. வேடிக்கை என்னவென்றால், நிதான நார்கள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. மற்ற அணுக்களுக்கு ஊடே நுழைந்து வெளிப்பக்கம் வந்து, தோலுக்கு அடியில் ஒரு பட்டையாகக் குடியேறிவிடும்.

"பொறந்த எடத்த விட்டு ஓரத்துக்கு வந்து, நாள் பூரா ஒழைக்குதுங்க. நம்மள மாதிரியே," என்று ரெக்சனிடம் சொன்னாள்.

"அதுவும் வெள்ளிக்கெழம படிவம் எழுதுமோ?" என்றான் அவன்.

முட்டைகள் சீக்கிரம் வளரட்டும் என்று நெய்தலில் ஊற்றிய மருந்துதான் அந்தச் செய்தியை அமுக்கிக்கொண்டிருந்தது. குணவதி மருந்தை நிறுத்தினாள். தொட்டியில் நீரோட்டம் விட்டு மீன்களை ஓயாமல் எதிர்நீச்சல் போட வைத்தாள். பதினான்கு மாதம் கழித்து ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, தோலடியில் செக்கச்செவேலென்று ஒரு பட்டை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

விருந்தன்று நானூறு தட்டுகளிலும் அயிலைக் குழம்பு. ரெக்சன் ஒரு துண்டை வாயில் போட்டான். முகம் கோணியது.

"என்னட்டி இது? ரத்த வாட அடிக்கி."

"அதுதாங்க நிதான நாரு. நெஜமான மீனுல அது இருக்குங்க."

"எங்க ஊரு மீனப் பத்தி நீ எனக்குச் சொல்லுதியாக்கும்?"

குணவதி சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தட்டை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்க, நீங்க கடைசியா எப்ப ஊரு மீன் சாப்பிட்டீங்க? அதச் சொல்லுங்க."

ரெக்சன் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தான்.

"சின்னப் புள்ளயில... எங்க வீட்ல தெனமும் கடல்பாசி மாவுக் கஞ்சிதான். எனக்கு எறங்காது. அம்ம போன்ல ஒரு ஆளு மீன் திங்கிற படத்தப் போட்டு விடுவா. வாழையில, சுடுசோறு, அயிலைக் கொழம்பு. அவரு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அம்ம பக்கத்துலயே ஒக்காந்திருப்பா."

ஹில்டா நிமிர்ந்தாள். "வெள்ளச் சட்ட போட்டிருப்பாவளே? ஒவ்வொரு வாய்க்கும் கண்ண மூடுவாவளே?"

"அவருதான்க்கா!"

"எங்க வீட்லயும் அவருதான்!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. பூமியில் கடல்மீன் பிடிப்பதை நிறுத்தி அறுபத்தைந்து வருஷம். நெய்தலில் மூத்தவளான ஹில்டாவுக்கே ஐம்பத்திரண்டுதான். இந்தக் கணக்கை ஒருத்தரும் போட்டுப் பார்த்ததில்லை. தடையெல்லாம் மற்ற ஊர்களுக்குத்தான், கடற்கரைக்காரர்களுக்கு எப்படியும் கிடைத்திருக்கும் என்று குணவதியும் நம்பித் தொலைத்திருந்தாள். இப்போது நானூறு பேரும் அவரவர் அம்மாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"கூடம் போச்சு," என்றாள் குணவதி.

"யாரு சொன்னா?" என்று ஹில்டா அவள் தோளைப் பிடித்தாள். "மீனு வேணும்மா. கண்டிப்பா வேணும்."

மறுநாள் ரெக்சனுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி, ஒரு முழு அயிலையைத் தின்றான். கேமரா நின்றதும் ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தான். மதியம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நானூறு பேரும் ஈஸ்ட் அடை சாப்பிட்டார்கள். ஒரு தட்டில்கூட மிச்சமில்லை. "இதுல்லா ஊரு மீனு!" என்று ஒருவர் விம்மினார்.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து குணவதிக்குக் கடிதம் வந்தது. தொட்டிக்கூடம் நிரந்தரமாக்கப்படுகிறது, வாழ்த்துகள் என்று தொடங்கியது. "ஒரே ஒரு குறை. தோலுக்கு அடியில் உள்ள சிவப்புப் பட்டை வெந்தால் கறுத்து, படத்தில் அழுக்குப் போல விழுகிறது. அடுத்த தொகுதி மீன்களிலிருந்து அது இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்."

குணவதி கடிதத்தை ரெக்சன் முன்னால் போட்டாள். "படிங்க. நல்லாப் படிங்க."

"நல்லதுக்குத்தானட்டி சொல்லுதாவ," என்றான் ரெக்சன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே. "திங்கிறது நான் ஒருத்தன். பாக்கிறது நானூறு பேருல்லா?"