கர்னலின் பச்சை வண்டி

காரின் கதவுத் தகட்டை விரல்முட்டியால் நெரேய்தா தட்டியது மூன்று முறை. காதில் விழுந்தது நான்கு.

கூடுதலாக வந்த அந்த ஒன்று எதிரொலியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டாள். வெளியே பிற்பகல் வெயில் ஹவானாவின் தெருக்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கர்னல் லிசார்தோவின் மாளிகையை ஒட்டிய அந்தக் கார்க்கொட்டகைக்குள்ளோ அதன் ஒரு கீற்றும் நுழையவில்லை. மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. கெட்டியான சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட அவ்விடத்தில், புதுச்சாயத்தின் நெடியும் மெழுகின் வழவழப்பான மணமும், அவற்றுக்கு அடியில் ஈரத்துணியை மூட்டைகட்டி வைத்தாற்போன்ற இன்னொரு வாடையும் அசையாமல் நின்றன. அவள் கைப்பேசியின் வெளிச்சத்தில், ஐம்பதுகளில் வந்திறங்கிய அந்த அமெரிக்கக் கார் பச்சைக் கண்ணாடியைப் போல் பளபளத்தது.

பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் மதிப்பீட்டாளர் அவள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் தீவு அது. தின்றது போக மிஞ்சியதை ஒட்டி, அடித்து, நிமிர்த்தி, புதுத்தகடு கிடைக்காத குறைக்குப் பட்டி எனும் பசையைப் பூசி, அதன்மேல் சாயமடித்து ஓட்டுகிறவர்கள் அவ்வூரார். அதில் அவர்களுக்கு வெட்கமில்லை; வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்பது நெரேய்தாவின் கட்சி. காலுறைக்குள் இட்ட காந்தத்தை வண்டியின் உடல் முழுதும் ஓட்டுவாள். இரும்பு இருக்குமிடத்தில் அது ஒட்டும், பட்டி இருக்குமிடத்தில் நழுவும். நழுவிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளைத்து, விரல்முட்டியால் தட்டிக் கேட்டு, எத்தனை பங்கு இரும்பு, எத்தனை பங்கு பூச்சு என்று சொல்லிவிடுவாள். முதல்தர வண்டி என்று அவள் கையெழுத்திட்டால் அதற்குப் பாரம்பரியத் தகடு பொருத்தப்படும். தகடு ஏறிய வண்டியில் அதன்பின் எவரும் உளி வைக்கக் கூடாது, சாயத்தைச் சுரண்டக் கூடாது. அது சங்கத்தின் கண்டிப்பான விதி.

"என்னம்மா நெரேய்தா, வைத்தியர் நாடி பாக்கற மாதிரி பாத்துக்கிட்டிருக்கே? வண்டிக்குக் காய்ச்சலா?" என்றார் கர்னல். பணி ஓய்வு பெற்றவர். ஆனால் அந்தப் பேட்டையில் அவர் குரலுக்கு இன்னும் ஓய்வில்லை. கையில் இரண்டு காப்பிக் கோப்பைகள். "குடி. ரேஷன் காப்பி மாதிரி இல்ல, பட்டாணி கலக்காத காப்பி. உங்க தெருவுல இதை மோந்து பாத்தே வருஷமாயிருக்கும்."

"எங்க தெருவுல பட்டாணிக்கே வரிசை நிக்குது, கர்னல். அங்க வைங்க, வேலை முடியட்டும்."

"வேலை என்ன வேலை. உன் தம்பி செஞ்ச வண்டி. உனக்குத் தெரியாத கைவேலையா?"

அவள் காந்தத்தைக் கையில் எடுத்தாள். தம்பி எலிசியோ டிங்கரிங்கில் பெயரெடுத்தவன். இந்த வண்டிக்கு உடல்வேலை முடித்த மழைக்காலத்தில்தான் அவன் காணாமற்போனான்.

ஒருவன் காணாமற்போனால் தேடுவது மனித இயல்பு. அத்தீவிலோ தேடும் கால்களைக் கட்டிப்போட ஒரு சொல் இருந்தது: போயிட்டான். படகேறி வடக்கே போயிட்டான். காட்டுவழி நடந்து எங்கோ போயிட்டான். அண்டைவீட்டார் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவர். அதிகாரி அதைச் சொல்லி விசாரணைக் கோப்பை மூடுவான். பெற்றவள் அதைச் சொல்லிக்கொண்டு தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்துவிடுவாள். எத்தனையோ பேர் உண்மையிலேயே போனார்கள் என்பதனால், போகாதவனைப் பற்றிக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. நெரேய்தாவும் கேட்கவில்லை. சொல்லாமல் போய்விட்டானே என்று தம்பியின்மேல் கோபம் கொண்டு, அந்தக் கோபத்தோடுதான் அவன் கடைசி வேலையைப் பார்க்க வந்திருந்தாள்.

காந்தத்தை முன்மட்கார்டில் வைத்தாள். ஒட்டியது. மெல்ல இழுத்தாள். எங்கும் இரும்பு, அவள் தொழிலில் கண்டிராத சுத்தமான இரும்பு. தம்பியின் வேலையில் அவளுக்குப் பெருமைதான். முன்கதவுக்கு வந்ததும் காந்தம் வழுக்கிக் கையோடு வந்தது. சுண்ணக்கட்டியை எடுத்தாள். வளைத்தாள். சற்றுக் கீழே மறுபடி வழுக்கியது. வளைத்தாள். பின்கதவு, அதன் அடிவிளிம்பு, பின்மட்கார்டின் சரிவு என்று அந்தப் பூச்சு ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் மெலிந்தும் நீண்டுகொண்டே போனது. துரு தின்ற ஓட்டைக்கு ஓர் ஒழுங்கு கிடையாது. அது தோன்றிய இடத்தில் தின்னும். இதற்கு ஒழுங்கு இருந்தது.

பின்னால் நகர்ந்து வெளிச்சத்தை உயர்த்தினாள். சுண்ணக்கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. குனிந்த தலை. வளைந்த முதுகு. மார்போடு மடக்கிய முழங்கால்கள்.

"பட்டி கொஞ்சம் அதிகம்தான்" என்றார் கர்னல். "அதை யாரு பாக்கப்போறா? வெளிநாட்டு விருந்தாளிங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, தொப்பி வாங்கிட்டுப் போவாங்க."

"இது ஓட்டையை அடைச்ச பட்டி இல்ல, கர்னல்."

"வேற என்ன?"

அவள் உள்ளங்கையைக் கதவில் பதித்தாள். மற்ற இரும்பெல்லாம் சில்லென்றிருக்க அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படாத கொட்டகை. மாதக்கணக்கில் ஓடாத எஞ்சின். கையை எடுத்தபோது சாயத்தில் அவள் விரல்களின் ஈரத்தடம் இருந்தது. அதை ஒட்டி, உட்புறமிருந்து மூச்சு பட்டதுபோல் ஒரு மங்கல் படர்ந்து அடங்கியது.

தட்டினாள். ஒரே முறை.

காத்திருந்தாள். தெருவில் எங்கோ ஒருவன் பூண்டுச்சரம் விற்றுக் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்தது. கொட்டகை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

உள்ளிருந்து தட்டல் வந்தது. ஒரே முறை. மெதுவாக, களைத்த கையால்.

ஓடச் சொல்லியது உடம்பு. கொட்டகையின் கதவு அருகில்தான் இருந்தது. வெளியே வெயில் இருந்தது. கர்னலின் முகத்தைப் பார்த்தாள். அவரும் கேட்டிருந்தார். வியப்பின் ஒரு கோடும் அந்த முகத்தில் இல்லை.

"தகடு சூட்டுக்கு விரியற சத்தம்" என்றார். "எல்லா வண்டியிலயும் வரும். நீ கையெழுத்துப் போடு, தோழர். தகடு ஏறட்டும். உன் தம்பி பேரும் அதுல நிக்கும். ஒருத்தனும் அதைக் கீறக் கூடாது பாரு, எவ்வளவு மரியாதை."

"கீறக் கூடாதுங்கறதுக்குத்தான் கையெழுத்தா?"

"போனவங்களைப் பத்தி நாம ஏன் பேசணும்? நீ உன் வேலையைப் பாரு."

"அதைத்தான் பாக்கறேன். பூச்சு எது, இரும்பு எதுன்னு சொல்றதுதான் என் வேலை." அவள் குரல் உடைந்தது, உடைந்த குரலையே உயர்த்தினாள். "இந்த ஊரே பூச்சா இருக்கு, கர்னல். மேல பளபளன்னு சாயம். தட்டிப் பாக்கறவளைப் பாத்து, காப்பி குடிங்கறீங்க. நான் போட மாட்டேன்."

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுல ஆளு இருக்காங்க."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

வெளிச்சம் வண்டியில் விழும்படி கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். தம்பியின் கருவிகள், கைப்பிடியில் அவன் சுற்றிய துணி அப்படியே இருந்தது. எதை விட்டுப் போனாலும் இவற்றை விட்டுப் போகிறவனா அவன்? வடக்கே போகிறவன் தன் பிழைப்பை ஆணியில் மாட்டிவிட்டா போவான்?

மடங்கிய முழங்காலுக்கு மேலே, கை இருக்க வேண்டிய இடம். அங்கே உளியை வைத்தாள்.

"நெரேய்தா" என்றார் கர்னல், முதன்முறையாகத் தாழ்ந்த குரலில். "திறந்தா மூட முடியாது."

அடித்தாள்.

பச்சைச் சாயம் பிளந்தது. சாம்பல்நிறப் பட்டி வில்லைவில்லையாக உதிர்ந்தது. ஈரவாடை முகத்தில் அறைந்தது. கடல். வியர்வை. மலிவான சுருட்டு. எலிசியோ பிடிக்கும் சுருட்டு.

மறுபடி அடித்தாள். மறுபடி.

குழிக்குள் எலும்பு இல்லை. துரு இல்லை. ஒரு கைமுட்டி இருந்தது. தட்டித்தட்டித் தோல் உரிந்த முட்டி. உயிருள்ள முட்டி.

அது விரிந்தது. வெளியே நீண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அவள் அலறவில்லை. பயம் அவளை முழுதாக மூடியிருந்தது, அதற்குள்ளிருந்துதான் பேசினாள். "டேய் எலிசியோ. அக்காடா. நான் தேடலடா. இப்ப விடமாட்டேன்."

பின்னால் டப்பா திறக்கும் ஒலி. கர்னல் பட்டியைக் குழைக்கத் தொடங்கியிருந்தார். பட்டி பூசும் தகடு டப்பாவின் விளிம்பில் உரசியது. அவசரமில்லாத உரசல். பழகிய கை. நெருங்கிக்கொண்டிருந்தது.

பிடிபட்ட கையை அவள் இழுக்கவில்லை. மறுகையில் உளியை ஏந்தி, எட்டிய இடமெல்லாம் கீறினாள். பின்கதவில் கீறினாள். கூரையில் கீறினாள். காந்தம் ஒட்டிய, தூய இரும்பென்று அவள் நம்பிய மட்கார்டிலும் கீறினாள். சங்கத்தின் எந்தத் தகடும் இனி இந்த வண்டியில் ஏறாது. ஒவ்வோர் இழுப்பிலும் பச்சை கிழிந்தது. ஒவ்வொரு கிழிசலிலும் ஏதோ அசைந்தது.

பின்கதவின் கீறலிலிருந்து விரல்கள் வந்தன. எலிசியோவின் விரல்கள் அல்ல. மெலிந்தவை, முதியவை. கூரையிலிருந்து வந்தன, நகத்தில் சிவப்புப் பூச்சு இன்னும் ஒட்டியிருந்த விரல்கள். மட்கார்டின் நல்லிரும்பை விலக்கிக்கொண்டு வந்தன, மோதிரத்தோடு. காற்றைத் தடவின. வெளிச்சத்தைத் தேடின. பேட்டை பெருமூச்சுவிட்டு மறந்த அத்தனை பேரும்.

அவள் கீறிக்கொண்டேயிருந்தாள்.

உரசல் ஒலி நின்றது. பூசும் தகட்டில் ஒரு கரண்டிப் பட்டியை ஏந்தியபடி கர்னல் நின்றார். எந்தக் கையை முதலில் மூடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தைத் தடவிக்கொண்டிருந்த விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவர் நின்ற திசைக்குத் திரும்பின.